வாட்டம் பார்த்து வந்த தண்ணீர்

சங்கராபுரம் பக்கத்தில் புதுச்சேரிக்குப் போகாத வீடு குறைவு. ஜிப்மருக்குப் போவோம், வேலை முடிந்தால் கடற்கரையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறிவிடுவோம். கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் பாரதி பூங்கா. அதன் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதுதான் ஆயி மண்டபம். எதிரில் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள். அது எதற்காக நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா?

தண்ணீருக்காக! ஊருக்குக் குடிதண்ணீர் வந்ததற்காகக் கட்டியது. வடக்கே கவர்னர் மாளிகை, ஓரத்தில் சட்டப்பேரவை. தலைநகரின் நடு மையத்தில் குடிதண்ணீருக்கு ஒரு மண்டபம். புதுச்சேரி அரசின் முத்திரையிலும் இதுதான் இருக்கிறது.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். ஆயி என்ன செய்தாள்? "நானே இடித்துக்கொள்கிறேன்" என்று கேட்டு வாங்கி, வீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். இது செவிவழிக் கதைதான். ஆனால் மேற்கே இருக்கும் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தது கதையல்ல. 19-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதன் நினைவாக எழுந்ததுதான் மண்டபம்.

தூண், வளைவு, கிரேக்க ரோமானியப் பாணி எல்லாம் பூங்காவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கோமுகி, மணிமுக்தா வாய்க்கால்களில் வேலை பார்த்துக் காலம் தள்ளியவன். எனக்கு அந்தத் தண்ணீர் ஓடிவந்த வாட்டத்தை, அதாவது தரைச் சரிவைப் பற்றித்தான் பேச ஆசை.

கடலோரத்தில் எங்கே தோண்டினாலும் நல்ல தண்ணீருக்கு உறுதியில்லை, உப்பு ஏறிவிடும். மேற்கே போகப் போகத் தரை மேடு. மேட்டுத் தண்ணீரைப் பள்ளத்துக்குக் கொண்டுவருவது என்ன பெரிய காரியம் என்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாட்டம் அதிகமானால் கரை அரிக்கும், குறைந்தால் மண் படியும். நடுவில் சாண் உயரம் தூக்கிவிட்டால் போதும், தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வரத்து வாய்க்கால் தூர்வாரும்போது லெவல் பார்க்கும் கருவியை நிறுத்தியிருந்தேன். கடைமடை விவசாயி ஒரு பெரியவர் வந்தார். "சார், உங்க மிஷின் சொல்றது இருக்கட்டும். எரும எங்க படுக்குதுன்னு பாருங்க, அங்கதான் பள்ளம்" என்றார். கருவியும் அதே இடத்தைத்தான் காட்டியது. என்னோடு இருந்த பையன்கள் அதற்கப்புறம் ஒரு வாரம் கருவியைத் தொடவில்லை, எருமையைத்தான் தேடினார்கள். சிரிக்காதீர்கள், கல்வராயன் மலையடிவாரத்தில் பாதி வாய்க்கால் இப்படிப்பட்ட கண்ணால் வெட்டியதுதான்.

மண்டபத்துக்கே திரும்பினால், இன்னொன்று. பாரிசில் பெரிய வெற்றி வளைவு இருக்கிறது. முதலாம் நெப்போலியன் தன் படைகளின் பெருமைக்காக 1806-இல் கட்டச் சொன்னது. மூன்றாம் நெப்போலியனுக்கு அவர் பெரியப்பா முறை. பெரியப்பா போருக்கு வளைவு எழுப்பினார்; தம்பி மகன் காலத்தில் நம் பக்கத்தில் குடிதண்ணீருக்கு எழுந்தது. அதுவும் ஒரு தாசியின் பெயரோடு! எனக்கு இரண்டாவதுதான் ஒசத்தி. நீங்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

மண்டபத்தைப் பார்த்த கையோடு மேற்கே முத்திரையர்பாளையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால், தண்ணீர் எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று அவர்களையே கேளுங்கள். சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.