1349 பக்கக் கல்யாணம்

(வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விக்ரம் சேத் எழுதிய ‘எ சூட்டபிள் பாய்’ நாவல் 1993இல் வந்தது. 1349 பக்கம். கதை 1951இல் தொடங்குகிறது. ரூபா மெஹ்ரா என்கிற விதவைத் தாய் தன் மகள் லதாவுக்கு மாப்பிள்ளை தேடுகிறாள். மூத்தவள் கல்யாணத்தில் ஆரம்பித்து லதா கல்யாணத்தில் முடிகிறது. அவ்வளவுதான்.

‘மேல்சாதி வீட்டுக் கல்யாணக் கதையை நாம என்னத்துக்குப் படிக்கணும்?’ என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா கல்யாணத்தை விட்டுட்டு சாதியை வேறெங்கே போய்ப் பார்ப்பது? அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று அம்பேத்கர் 1916லேயே கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். அப்படியென்றால் குடும்ப நாவல் எல்லாமே சாதி நாவல்தான்.

லதா விரும்புவது கபீரை. அவன் முஸ்லிம். அம்மா வீட்டையே இரண்டாக்குகிறாள். ஹரேஷ் கன்னா வந்ததும் நிம்மதி. காரணம், அவன் கத்ரி; சொந்தச் சாதி. அவன் வேலை என்ன? செருப்புக் கம்பெனி. தோலைத் தொடுகிறவன், தோல் பதனிடும் இடத்துக்குள் போய்வருகிறவன். ஆனாலும் பொருத்தமான பையன்! அதே தோலைத் தொடுகிற ஜகத் ராம் ஜாதவ். ரவிதாஸ்பூர் சேரிக்காரர். ஹரேஷுக்குச் செருப்பு தைத்துக் கொடுக்கிற அருமையான கைவினைஞர். தொழிலில் தீட்டு இல்லை, பிறப்பில்தான் தீட்டு என்பதை நாவல் வாய்விட்டுச் சொல்லாமலே காட்டிவிடுகிறது.

வங்கி குமாஸ்தா என்பதால் இன்னொன்று எனக்குப் பட்டது. கூடையில் செருப்பு கொண்டுவருகிற ஜாதவ்களுக்கு வியாபாரிகள் ரொக்கம் தருவதில்லை. பின் தேதி போட்ட சீட்டு தருகிறார்கள். மறுநாள் தோல் வாங்கணுமே? சீட்டைக் கழிவுக்கு மாற்றித்தான் ஆகணும். கடன் வாங்குகிறவன் வியாபாரி, வட்டி கட்டுகிறவன் செருப்பு தைத்தவன். 

கிராமத்தில் கச்சேரு என்கிற சமார் கிழவர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரப்போகிறது. உழுகிற துண்டு நிலத்தை அவர் பெயரில் பதியச் சொல்லி, கணக்கு எழுதுகிற பட்வாரியிடம் போகிறான் நிலக்காரரின் மகன் ரஷீத். அப்பாவுக்குத் தெரிந்ததும் கச்சேரு நிலத்தைவிட்டே விரட்டப்படுகிறார். நில உரிமைச் சட்டம் எந்த இடத்தில் செத்தது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

இவ்வளவும் எழுதின சேத்தைப் பாராட்டணும். கேள்வியும் கேட்கணும். மூன்று பேரில் யாரைக் கட்டுவது என்று தயங்குவதற்கு லதாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் பக்கம் கிடைக்கிறது. ஜகத் ராமுக்கு ஆர்டர் கிடைக்குமா, கச்சேருவுக்கு நிலம் நிலைக்குமா என்பதோடு அவர்கள் கதை நின்றுபோகிறது. காதல், ஊடல், மனக்குழப்பம் எல்லாம் சொத்துள்ள வீட்டுக்கு. உழைப்பும் பசியும் சேரிக்கு. நம்மைப் பரிவோடு எழுதுகிறவர்களும் இந்தப் பங்கீட்டை மாற்றுவதில்லை.

நம் வீட்டுப் பெண் யோசிக்க, தயங்க, வேண்டாம் என்று சொல்ல எத்தனை பக்கம் வேணும்? அதை வேறு யாரும் நமக்கு எழுதித் தரமாட்டார்கள். மாணவத் தோழர்கள் இதை முழுசாகப் படியுங்கள். படிச்சு முடிச்சிட்டு எழுத உட்காருங்கள்.