விற்றமின் போத்தலும் வரிக் கணக்கும்



நான் கணக்காளர், வைத்தியர் அல்ல. ஆனாலும் மாதவிடாய் நிற்கும் வயதைப் பற்றி இன்று கதைக்க வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வரிக் காலத்தில் எங்கள் பெண்கள் கொண்டுவரும் பற்றுச்சீட்டுகளில் விற்றமின் வாங்கிய சீட்டுகள் நிறைய. "இதை மருத்துவச் செலவில் போடலாமோ?" என்று கேட்பார்கள்.

போட முடியாது. வைத்தியர் எழுதித் தந்தாலும் கனடா வருவாய் முகமை விற்றமின்களை ஏற்பதில்லை. ஒருவகை இரத்தச்சோகைக்கு எழுதித் தரும் பி12 மட்டும் விதிவிலக்கு. ஒன்ராறியோவில் அவற்றுக்கு 13 வீத விற்பனை வரியும் கட்டுகிறோம். முழுக்காசும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

"எதுக்கு அக்கா இவ்வளவு?" என்று கேட்டால், குரலைத் தாழ்த்தித்தான் பதில் வரும். திடீரென்று உடம்பு கொதிக்கிறதாம், இரவில் வியர்த்து நித்திரை குழம்புகிறதாம். சிநேகிதி சொன்னா, வாங்கினாவாம். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பலன் என்ன? மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்குத் தினமும் 800 அலகு விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 1998இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெறும் குளிசையோடு ஒப்பிட்டால், நாளுக்கு ஒரு தடவை உடல் கொதிப்பது குறைந்தது, அவ்வளவுதான். வெறும் குளிசை எடுத்த காலத்திலும் கொதிப்பு ஓரளவு குறைந்தது. சிநேகிதிக்குச் சுகம் வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வட அமெரிக்க மெனோபோஸ் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கையும் இதற்கென்று சத்துக் குளிசைகளைப் பரிந்துரைக்கவில்லை.

விற்றமின் டி வேறு கதை. அது கொதிப்புக்கல்ல, எலும்புக்கு. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும். இங்கத்தைய மாரிக்கால வெயிலும் போதாது. 51 வயதைத் தாண்டியவர்கள் தினம் 400 அலகு எடுக்கும்படி கனடா சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. கல்சியத்தைப் பால், தயிர், முள்ளோடு தின்னும் நெத்தலி ஆகியவற்றிலிருந்தும் பெறலாம்.

வாங்குவதானால் போத்தலில் என்.பி.என். என்ற எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் விற்றமின் ஈ எடுக்கக்கூடாது. தைரொயிட் குளிசைக்கும் கல்சியத்துக்கும் நாலு மணித்தியால இடைவெளி வேண்டும்.

களைப்பெல்லாம் இந்த வயதால்தான் என்று விட்டுவிடாதீர்கள். தைரொயிட், இரும்புச்சத்து, பி12 குறைபாடாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரியும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் இரத்தம் பட்டால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

2002இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு ஹோர்மோன் சிகிச்சை என்றாலே பயம். 60 வயதுக்குட்பட்ட, வேறு தடையில்லாத பெண்களுக்குப் பொதுவாக அதில் நன்மையே அதிகம் என்பது இன்றைய கருத்து. உங்களுக்குப் பொருந்துமா என்பதை வைத்தியர் சொல்வார். ஹோர்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு.

மொழிபெயர்க்க மகனைக் கூட்டிப்போனால் இவற்றைக் கதைக்க முடியாது. ஒரு சகோதரியைக் கூட்டிப் போங்கள். அல்லது ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ஓகிப் அட்டை இருந்தால் குடும்ப வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. அவர் எழுதித் தரும் மருந்தின் பற்றுச்சீட்டை மட்டும் கவனமாக வைத்திருங்கள். அதை நான் கணக்கில் சேர்ப்பேன்.