குளிர் குறைந்ததால் காய்ந்த காடு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



காலநிலை மாற்றம் என்றதும் நம் மாணவர்கள் பனிக்கரடியை வரைந்துவிடுகிறார்கள். அது யாருடைய பிழைப்பைத் தொடுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அப்போது நான் சொல்லும் எடுத்துக்காட்டு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். மரம் வெட்டி விற்பதை நம்பியே அங்கே பல சிற்றூர்கள் வாழ்கின்றன.

அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரங்களின் பட்டைக்குள் ஒரு வண்டு முட்டையிடும். அரிசி மணி அளவுதான். புழுக்கள் பட்டையின் உட்பகுதியைத் தின்னும். வண்டு சுமந்துவரும் பூஞ்சை மரத்துக்குள் நீர் ஏறுவதைத் தடுக்கும். மரம் செம்பழுப்பாகிக் காய்ந்துவிடும். இது அந்த மண்ணின் பழைய வண்டுதான். முன்பு குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 35, 40 டிகிரி வரை இறங்கும்போது புழுக்களில் பெரும்பகுதி செத்துவிடும். அத்தகைய குளிர் அரிதானதும் வண்டு பெருகியது. 1990களில் தொடங்கிய பாதிப்பு சுமார் 1.8 கோடி எக்டேருக்குப் பரவியது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி எக்டேர்தான்! விற்கத்தக்க பைன் மரங்களில் ஏறக்குறைய பாதி போயிற்று. பல்லாண்டுகளாகக் காட்டுத்தீயை அணைத்து வந்ததால் முதிர்ந்த மரங்கள் நெருக்கமாக நின்றதும் ஒரு காரணம். அதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து நடந்தது சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு உரியது. காய்ந்த மரம் வெடித்து வீணாகுமுன் எடுத்துவிட வேண்டும் என்று அரசு வெட்டும் அளவை உயர்த்தியது. சில ஆண்டுகள் மர அறுவை ஆலைகளுக்கு நல்ல வேலை. பூஞ்சையால் நீலம் பாய்ந்த பலகைக்கு 'டெனிம் பைன்' என்று பெயர் சூட்டியும் விற்றார்கள்! பிறகு வெட்ட மரமில்லை. 2014இல் குவெனல், ஹூஸ்டன் ஆகிய ஊர்களில் ஆலைகள் மூடப்பட்டன.

மறுபடி நடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். சிக்கலே அங்குதான். நம் சவுக்கை மூன்று, நான்கு ஆண்டுகளில் வெட்டுகிறோம். ரகம் ஒத்துவராவிட்டால் அடுத்த நடவில் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பைன் பலகைக்குத் தேற அறுபது, எண்பது ஆண்டுகள் ஆகும். இன்று நடுபவர் தம் பேரன் காலத்து வெயிலுக்கு ஏற்ற விதையை இன்றே தேர வேண்டும். அந்தந்த வட்டார விதையையே நட்டுவந்த அவர்கள், மேற்கத்திய லார்ச் மரத்தை அதன் இயல்பான எல்லைக்கு வடக்கே நட 2010இல் அனுமதித்தார்கள்.

"2090இல் வெட்டப்போகும் மரத்துக்கு எந்த ஊர் விதையை வாங்குவீர்கள்?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "சூடான ஊர் விதை" என்றான் ஒருவன். "அது இப்ப அடிக்கிற குளிர்ல செத்துடாதா சார்?" என்றாள் ஒரு மாணவி. அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று.