வற்றிய கடலில் சில குழிகள்

சங்க நெய்தற் பாடல்களில் மகளிர் கடற்கரை மணலில் நண்டைத் துரத்தி விளையாடுவதை 'அலவன் ஆட்டல்' என்று வகுப்பறையில் எத்தனையோ வருடம் விளக்கியவன் நான். பருத்தித்துறையிற் பிறந்தும், ஒரு நண்டின் பின்னால் நான் உண்மையிலேயே அலைந்தது பேரப்பிள்ளைகளோடுதான். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு.

அமாவாசையை அண்டிய ஒருநாள், கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனோம். நமது கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் அமாவாசை, பறுவ நாட்களில் அந்தச் சிறு இறக்கமே முருகைக்கற் பாறையை வெளியே காட்டிவிடும். பள்ளங்களில் தங்கிய நீர் வெயிலிற் சூடேறும், உப்புக் கூடும், மழை பெய்தாலோ உப்புக் குறையும். அதற்குள்தான் அந்தச் சீவன்கள் பிழைத்தாக வேண்டும்.

மகள் எங்களோடு இறங்கவில்லை. அவள் வளர்ந்த தொண்ணூறுகளிற் கடற்கரை என்றாலே தடையும் அச்சமும். பிறகு 2004 மார்கழி 26 இல் கடலே ஊருக்குள் வந்தது. "கரையை விட்டுக் கனதூரம் போகாதேங்கோ அப்பா" என்று சொல்லி வீதியோரத்திலேயே நின்றுவிட்டாள்.

நின்று பார்க்கக் கூடாது, குந்தியிருந்து பார்க்கவேண்டும் என்பதைப் பிள்ளைகள்தான் எனக்குக் கற்பித்தனர். நிழல் விழுந்தால் எல்லாம் ஒளித்துவிடும். சற்றுப் பொறுத்தால் கடற்சாமந்தி விரியும். அவை இதழ்களல்ல, இரை பிடிக்கும் கைகள்.

ஒரு சங்கு எழுந்து நடந்தது.

"அம்மப்பா, சங்குக்குக் கால்!"

துறவி நண்டு. அதன் பின்னுடல் மென்மையானது. வெறுஞ்சங்கு தேடிக் குடியிருக்கும், வளர வளர வீடு மாறும் என்றேன்.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன், சகோதரியின் மகளுடைய சிறுமகனோடு மெயின் மாநிலக் கடலோரத்தில் அலைந்ததை 1956 இல் கட்டுரையாக்கினார். பெயர்களைக் கற்பிப்பதிலும் வியப்பைப் பகிர்வதே அவருக்குப் பெரிதாயிருந்தது. ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்கு இது இலகுவிற் செரிக்காது. ஆனால் அன்று பாதிப் பெயர்கள் எனக்கே தெரியாததால், நானும் அவர் கட்சியிற் சேர்ந்துகொண்டேன்!

சின்னவள் சட்டைப்பைக்குள் கைவிட்டாள். வழியிற் பொறுக்கிய வெறுஞ்சங்குகள் ஐந்தாறு. "அது வளந்தாப் பிறகு வேணுமெல்லோ?" என்று ஒவ்வொன்றாய்க் குழிக்குள் வைத்தாள்.

நிமிர்ந்தேன். செருப்பைக் கையிற் பிடித்தபடி, கணுக்கால் நீரில் மகள் நின்றாள்.

"என்னத்தை அப்பிடிப் பாக்கிறியள்?"

சின்னவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"நிழல் விழுத்தாதேங்கோ அம்மா. குந்துங்கோ."