பல்லாவரம் வெள்ளிக்கிழமை, மயிலாப்பூர் ஆவணி

சென்னையின் சந்தைகளுக்குக் கிழமையும் நேரமும் உண்டு. புதிதாகக் குடிவந்தவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கணக்கைத்தான். மெரினாவையும் ரங்கநாதன் தெருவையும் யாராவது கூட்டிப்போய்க் காட்டிவிடுவார்கள். காசிமேட்டு மீன் ஏலம் விடியுமுன்பே களைகட்டிவிடும் என்பதை அக்கம்பக்கத்தாரைக் கேட்டால்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதும் அப்படித்தான். காய்கறி மொத்தச் சந்தையான கோயம்பேட்டுக்கு நள்ளிரவிலேயே லாரிகள் வந்து சேரும். 1996 வரை அந்த மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி சந்துகளுக்குள் நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய டிரங்க் ரோட்டில் கூடும் வாரச்சந்தை அது. ஒரு காலத்தில் மாட்டுச்சந்தையாக இருந்த இடத்தில் இன்று காய்கறி, கருவாடு, பூச்செடி, புறா, பழைய மிக்ஸி, சைக்கிள், கதவு, ஜன்னல் என்று எல்லாமே கிடைக்கும். புது வீட்டில் சாமான் சேர்க்கிறவர் கையில் கொஞ்சம் காசோடு போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது. மின்விசிறியோ மோட்டாரோ வாங்கினால் ஓடவிட்டுப் பார்த்தபின் காசு கொடுப்பது நல்லது. வெயில் ஏறுமுன் போவது அதைவிட நல்லது.

அங்கே சற்று நின்று பார்க்க வேண்டியவை பித்தளைப் பாத்திரங்கள். குடத்தையோ அண்டாவையோ திருப்பிப் பார்த்தால், கழுத்தருகே புள்ளி புள்ளியாக உளி கொண்டு பொறித்த தலைப்பெழுத்தும் பெயரும் தெரியும். சீராக வந்த பாத்திரம் என்றால் தேதியும் இருக்கும். பெண்ணோடு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனதோ, கடைசியில் பல்லாவரத்துச் சாக்கு விரிப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாங்குகிறவர் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். ஈயம் தேய்ந்திருந்தால் மறுபடி ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது.

பழைய சாமான் என்ற பேச்சு வந்தால் சென்னைக்காரர்கள் மூர் மார்க்கெட்டுக்குப் போகாமல் இருப்பதில்லை. நேயர்களில் மூத்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரால் எழுந்து, 1900இல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம் அது. கிராமபோன் தட்டு, கடிகாரம், கிளி, முயல், நாணயம் எல்லாம் விற்றாலும், அதன் பெருமை பழைய புத்தகக் கடைகளில்தான் இருந்தது. கல்லூரிப் பாடப்புத்தகத்துக்கு அடியில் நூறாண்டுப் பழைய பதிப்பு ஒன்று கிடக்கும். அதன் அருமை தெரிந்தவர் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பேரம் பேசுவார்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் தொழில் பழகச் சென்னைக்கு வந்தவர். வேலை நேரம் போக மற்ற நேரத்தில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றினார். அங்கே பிடித்த பழக்கம் ஊர் திரும்பிய பின்னும் விடவில்லை. நூல், இதழ், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபோது கோட்டையூர் வீட்டில் ஒரு லட்சத்துக்கு அருகான நூல்களும் இதழ்களும் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனாலும் தொகுப்பு கடல் கடக்கவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைத்து, இப்போது தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர் யாரானாலும் அதன் படியேறாமல் முடியாது.

மூர் மார்க்கெட் கட்டடம் 1985 மே மாதம் தீக்கு இரையானது. புறநகர் ரயில் நிலையம் இருப்பது அந்த இடத்தில்தான். கடைக்காரர்கள் அருகில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள்.

கிழமைச் சந்தையைப் போலவே பண்டிகைச் சந்தையும் உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய நாட்களில் மயிலாப்பூர் மாடவீதிகளில் களிமண் குவியலும் மர அச்சுமாக வியாபாரிகள் உட்கார்ந்துவிடுவார்கள். பிசைந்த மண்ணை அச்சில் திணித்து, கட்டைவிரலால் மூலை முடுக்கெல்லாம் அழுத்தி, பலகையில் தட்டினால் ஈரம் காயாத பிள்ளையார் விழுவார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. கறுத்த முனையே கண்மணியாகிவிடும். வாங்க வருகிறவர் வீட்டிலிருந்து மணைப்பலகை கொண்டுவருவார். பக்கத்திலேயே எருக்கம்பூ மாலை, அருகம்புல், காகிதக் குடை. அடுத்து நவராத்திரிக்கு வடக்கு மாடவீதி பொம்மைத் தெருவாகிவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரி பொம்மைகள் வைக்கோல் சுற்றி வந்து இறங்கும். கால் உடையாத தசாவதார செட் வேண்டுமானால் சீக்கிரம் போக வேண்டும்.

தைப் பொங்கலை ஒட்டிக் கோயம்பேட்டில் சிறப்புச் சந்தை. கரும்பு, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து. கரும்பு அங்கே கட்டாகத்தான் மலிவு. ஒரே குடியிருப்பில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கட்டு வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் புதிதாகக் குடிவந்தவர்களையும் பங்குக்குக் கேட்பார்கள்.