மேனேஜர் சம்பளம்: நாலாம் வருஷம் யார் கொடுப்பது?



உங்களில் பலர் பங்குப் பணம் கட்டி உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் சேர்ந்திருப்பீர்கள். கம்பெனி என்று இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர் வேண்டும், கணக்கு எழுத ஒருவர் வேண்டும். வரவே இல்லாத புதுக் கம்பெனி சம்பளத்துக்கு எங்கே போகும்? அதற்காகத்தான் மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த பத்தாயிரம் உழவர் அமைப்புகள் திட்டத்தில் ஒரு மானியம் வைத்தார்கள். ஒரு கம்பெனிக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதில் மேனேஜர் சம்பளமாக மாதம் 25,000 வரை, கணக்கருக்கு 10,000 வரை எடுக்கலாம். ஆபீஸ் வாடகை, கரண்ட் செலவு, பதிவுச் செலவு இவையும் இதிலேயே அடங்கும். பயிற்சிக்கும் திட்டத்திலேயே ஏற்பாடு உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், "அரசாங்கம் சம்பளம் குடுக்குது, நமக்கென்ன?" என்று இருந்துவிடக் கூடாது. பத்தாயிரம் என்ற இலக்கு 2025 பிப்ரவரியிலேயே எட்டியாகிவிட்டது. முன்னால் தொடங்கிய கம்பெனிகள் பலவற்றுக்கு மூன்று ஆண்டு முடிந்தும் போயிற்று. அமைத்துக் கொடுத்த நிறுவனம் ஐந்து ஆண்டு கூட நிற்கும். சம்பளப் பணம் நிற்காது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். இரண்டு பேர் சம்பளம் மாதம் 35,000 என்றால் வருஷத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். முந்நூறு பேர் உள்ள கம்பெனியில் தலைக்கு 1,400 ரூபாய். நாலாம் வருஷம் இதை யாராவது கையிலிருந்து கொடுப்போமா? மாட்டோம். வியாபாரத்தில்தான் வரவேண்டும். நூறு ரூபாய் விற்பனைக்கு மூன்று ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 கோடியே 40 லட்சத்துக்கு விற்றால்தான் இந்தச் சம்பளம் தேறும். அதாவது ஒவ்வொருவரும் வருஷத்தில் சுமார் 47,000 ரூபாய்க்காவது உரம், விதை, விளைச்சல் என்று கம்பெனி வழியாகவே வாங்கி விற்க வேண்டும். பங்கு மட்டும் போட்டுவிட்டு மூட்டையை வழக்கமான வியாபாரிக்கே போட்டால், மேனேஜர் எவ்வளவு கெட்டிக்காரராய் இருந்தும் பயனில்லை.

இன்னொன்று. பயிற்சி பெற்ற மேனேஜர் கூடுதல் சம்பளம் கிடைத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆகவே மானியம் இருக்கும்போதே, பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலோ கணக்கோ படித்த உள்ளூர்ப் பிள்ளையைக் கணக்கராக வையுங்கள். உர லைசென்ஸ், எடை, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் மேனேஜர் பக்கத்தில் இருந்தே பழகட்டும். கட்டிக்கொடுத்துவிட்டால் போய்விடும் என்று பெண்பிள்ளையை ஒதுக்குகிறார்கள். வேலைக்காக ஊரைவிட்டுப் போகும் பையன்கள் எத்தனை பேர், அதையும் எண்ணிப் பாருங்கள்.

கம்பெனி சட்டப்படி பதிவானதென்றால், பொதுக்கூட்டத்துக்குப் பதினாலு நாள் முன்னாடியே அறிவிப்பு வரவேண்டும், தணிக்கை செய்த கணக்கும் கூடவே வரவேண்டும். அதை மடித்துப் பரணில் போடாதீர்கள். மானியம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, வியாபாரத்தில் நின்றது எவ்வளவு என்ற மூன்று வரியைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.