பாட்டன் பாட்டியரை அழைக்கும் பெயர்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கல்வி நிதி, மாணவர் விடுதி, திருமண மண்டபம் முதலிய பெருங்காரியங்களை ஆராயும் இவ்வவையில், குழந்தைகள் தம் பாட்டன் பாட்டியரை எப்பெயரால் அழைத்தல் தகும் என ஆராய்வது சிலர்க்கு நகைப்பை விளைத்தலும் கூடும். ஆயினும், சென்ற திங்கள் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் இதுபற்றி ஒரு வழக்கு எழுந்தது. தமிழாசிரியர் என்னுங் காரணத்தால் எம்மைத் தீர்ப்புக் கூறுமாறு கேட்டனர். அன்று விடை கூற எமக்கு வாய் எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். இக்கூட்டத்தில் சொல்லுவதாகத் தவணை பெற்று மீண்டோம். அவ்வில்லத்தாரும் இங்கே வந்திருக்கின்றனர். அவர்தம் இசைவு பெற்றே பேசுகின்றோம்.

வழக்கு இதுதான். குழந்தைக்கு ஏழு திங்கள் ஆகின்றது. தந்தையைப் பெற்ற அம்மையார் மதுரைப் பக்கத்தினர். தாயைப் பெற்ற அம்மையார் ஈரோட்டுப் பக்கத்தினர். முன்னவர், “என் பேரன் என்னை அப்பத்தா என்று அழைக்கவேண்டும்” என்றார். பின்னவர், “எங்கள் பக்கத்தில் அம்மிச்சி என்பதே வழக்கம்” என்றார். குழந்தையின் தந்தையோ, “இரண்டும் பட்டிக்காட்டுச் சொற்கள்; பள்ளியில் பிற பிள்ளைகள் நகைப்பார்கள்; இருவரையும் பாட்டி என்றே அழைக்கட்டும்” என்றார். “எந்தப் பாட்டி என்பதை எவ்வாறு அறிவது?” என்று மனைவியார் வினவ, “உன் தாயாரை ஈரோட்டுப் பாட்டி என்றால் போயிற்று” என்று அவர் விடையிறுத்தார். அதுகாறும் நகைத்துக்கொண்டிருந்த அவ்வீரோட்டு அம்மையார் கண் கலங்கி, “அவர் பாட்டி, நான் மட்டும் ஊரின் பெயரா?” என்றார். அவ்வொரு வினாவே எம்மை இங்கே நிறுத்தியுள்ளது.

முன்னாளில் இவ்வினா பெரும்பாலும் எழுந்ததில்லை. அத்தை மகனுக்கும் மாமன் மகனுக்கும் பெண் கொடுத்துவந்த காலத்தில், பாட்டிமார் இருவரும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊரினர். ஒரே சொல் வழக்கினர். குழந்தை பிறக்குமுன்னரே பெயர்கள் அமைந்திருந்தன. இப்பொழுதோ நம் மரபினருள்ளேயே வைகைக்கரையும் காவிரிக்கரையும் சம்பந்தம் செய்துகொள்கின்றன. சொற்கள் இரண்டு ஒரே தொட்டிலருகில் சந்திக்கின்றன. எனவே, முதலில் சொற்களைப் பார்ப்போம்.

மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் தந்தையைப் பெற்றவள் அப்பத்தா. அப்பாவின் ஆத்தா என்பதே அங்ஙனம் இணைந்தது. தாயைப் பெற்றவள் அம்மாச்சி; சில ஊர்களில் அம்மத்தா. கொங்கு நாட்டில் தாயைப் பெற்றோர் அப்பிச்சியும் அம்மிச்சியும் ஆவர். தந்தையின் தந்தை அப்பாரு. நெல்லைச்சீமையில் பாட்டியை ஆச்சி என்பர். யாழ்ப்பாணத்தார் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என நால்வர்க்கும் நான்கு பெயர் வகுத்துக்கொண்டனர். இவற்றைப் பட்டிக்காட்டுச் சொற்கள் என்பார் சற்றே எண்ணிப்பார்த்தல் வேண்டும். யாருக்கு யார் என்ன முறை என்பதை ஒரே சொல்லில் அடக்கிக் காட்டுவது பேதைமையன்று, நுண்ணறிவேயாம்.

ஆனால், ‘எம் ஊர்ச் சொல்லே சரி, பிறிதெல்லாம் பிழை’ என்பார்க்கும் ஒரு சொல் உண்டு. கொங்கு நாட்டில் தாயின் தந்தையைக் குறிக்கும் அப்பிச்சி என்னும் சொல்லின் உடன்பிறப்பாகிய அப்பச்சி, நகரத்தார் இல்லங்களில் பெற்ற தந்தையைக் குறிக்கும். ஆத்தா என்பது ஓரூரில் தாய், ஓரூரில் பாட்டி. ஆயா என்பது செட்டிநாட்டில் பாட்டி. சென்னையிலோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண். தாத்தா என்னும் சொல்லே கடல் கடந்து சிங்களத்திற் சென்றால் தந்தையைக் குறிக்கும். பேரன் என்று நாம் மகனுடைய மகனைச் சொல்ல, யாழ்ப்பாணத்தில் பாட்டனாரையும் பேரனார் என்பது பழைய வழக்கு. எனவே, சொல்லுக்குப் பொருள் வானத்திலிருந்து வந்ததன்று. வீட்டார் வழங்கிவந்த வழக்கிலிருந்தே வந்தது.

பாட்டி என்பதும் நல்ல தமிழே. இருபக்கத்துப் பாட்டியரையும் ஒரே பெயரால் அழைப்பது நம் முறைக்கு மாறானதும் அன்று. 1871-ஆம் ஆண்டில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் உலகத்து மக்கள் பலரின் உறவுமுறைப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டபோது, தமிழரின் முறையையும் விரிவாக எடுத்துக் காட்டினார். பெற்றோர் தலைமுறையில் நாம் மிக நுண்ணிதாகப் பிரிக்கின்றோம்: தந்தையுடன் பிறந்தவன் சிற்றப்பன், தாயுடன் பிறந்தவன் மாமன்; தாயுடன் பிறந்தவள் சிற்றன்னை, தந்தையுடன் பிறந்தவள் அத்தை. பாட்டன் பாட்டியர் தலைமுறைக்கு ஏறியதும், தாத்தா, பாட்டி என்னும் பொதுப்பெயர்களில் அப்பிரிவு மறைந்து இருகிளையும் ஒன்றாகின்றன. ஆகவே, பொதுப்பெயரும் நம்முடையதே, தனிப்பெயரும் நம்முடையதே.

இலக்கணத்தைக் காட்டி இவ்வழக்கைத் தீர்க்க முனைவார்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தொல்காப்பிய மரபியலில் பாட்டி என்பது பன்றி, நாய், நரி இவற்றின் பெண்பாற் பெயராகச் சொல்லப்பட்டுள்ளது. அதனை எடுத்துக்கொண்டு எந்தப் பாட்டியாரிடமும் எவரும் செல்லாதிருத்தல் நலம்! (சிரிப்பு)

ஆயினும் இலக்கணம் ஒன்றை நமக்கு நன்கு காட்டுகின்றது. அது, சுட்டிச் சொல்லும் பெயர் வேறு, விளித்து அழைக்கும் வடிவு வேறு என்பது. தொல்காப்பியர் விளிமரபில், ஐகாரத்தில் முடியும் முறைப்பெயர்கள் அழைக்குங்கால் ஆகாரமாகத் திரிதலும் உண்டு என்கின்றார். அன்னை, அன்னா என்றாகும். அத்தை, அத்தா என்றாகும் என உரையாசிரியர் காட்டுவர். அப்பா, அம்மா, தாத்தா, அப்பத்தா யாவும் ஆகாரத்தில் நிற்பதை நோக்குங்கள். கொல்லைப்புறத்தில் இருப்பவரை வாயிலிலிருந்து கூப்பிட, வாய் திறந்து நீளும் ஓசை வேண்டும். பாட்டன், பாட்டனார் என்பன பத்திரத்துக்கும் கட்டுரைக்கும் உரியவை. எந்தக் குழந்தையும் “பாட்டனாரே” என்று ஓடிவந்து மடியில் ஏறியதில்லை.

இவ்வுண்மையை யாம் அறிந்தது ஏட்டினின்று அன்று, எம் பிழையினின்றே. அதனை இவ்வவையில் மறைத்தல் தகாது.

ஆசிரியப்பணியிற் புகுந்த புதிதில், ஆறாம் வகுப்பு மாணாக்கர்க்கு ‘என் பாட்டி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தோம். ஒரு சிறுவன் ஏடு முழுதும் அப்பத்தா என்றே எழுதியிருந்தான். யாம் சிவப்பு மையால் அத்தனை இடத்திலும் அடித்துப் பாட்டி என்று திருத்தினோம். அவன் ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, பாட்டி எங்கள் அம்மாவைப் பெற்றவர், அவர் வேறு ஊரில் இருக்கிறார். இவர் அப்பத்தா” என்றான். அவன் சொன்னதே சரி. யாம் அவன் கட்டுரையில் ஒருவரை நீக்கி மற்றொருவரை அமர்த்திவிட்டோம். ஆயினும் அன்று அதனை ஒப்புக்கொள்ளும் பணிவு எமக்கு இல்லை.

அதே சிவப்பு மையை வீட்டிற்கும் கொண்டு சென்றோம். எம் மூத்த மகள் பேசத் தொடங்கியபோது, எம் தாயாரை அப்பத்தா என அழைக்க நாத் திரும்பாது ‘தத்தா’ என்றாள். எம் தாயார் அப்பெயருக்கு எங்கிருந்தாலும் விடை கொடுத்தார். உலையில் அரிசி கிடந்தாலும் எழுந்து வந்தார். யாமோ, தமிழாசிரியர் மகள் இவ்வாறு மழலை பேசுவதா என்று, “பாட்டி என்று சொல்” எனப் பலகாலும் திருத்தினோம். நான்கு வயதுக்குள் குழந்தை திருந்திவிட்டாள். எம் தாயார் அதுபற்றி எம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எட்டு ஆண்டு கழித்து அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். ஒருநாள் மாலை பன்னிரண்டு வயதுப் பெண்ணாகிய எம் மகளை அருகில் அழைத்து, “சின்னப்பிள்ளையில் என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாயே, அதை ஒருதரம் சொல்லு” என்றார். பெண் விழித்தாள். அவளுக்கு நினைவில்லை. எம்மைப் பார்த்தாள். யாம் எடுத்துச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். எம் தாயார் சிரித்தார். ஆனால் அது பாடம் ஒப்பித்தது போலிருந்ததேயன்றி, அழைத்தது போல் இருக்கவில்லை. அன்பர் இல்லத்தில் தீர்ப்புக் கேட்டபோது எமக்கு வாய் எழாமைக்குக் காரணம் இதுவே.

பேரன் என்னும் சொல்லின் வரலாற்றை அன்பர்கள் நினைத்தல் வேண்டும். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். நற்றிணைக் காலத்திலேயே இவ்வழக்கு இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லாத குடும்பங்களில், அப்பெயரிட்ட மகனைப் பெற்றவளே ‘ஐயா’ என்றும் ‘அப்பு’ என்றும் அழைத்து வந்ததை நம் வீடுகளில் இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம். பாட்டன் தன் பெயரைப் பேரனுக்குத் தருகின்றான். பேரன் அதற்குக் கைம்மாறாகத் தரக்கூடியது ஒன்றே: பாட்டனுக்கும் பாட்டிக்கும் அவன் வாயிலிருந்து வரும் புதுப்பெயர். கொடுத்த பெயரைத் திருத்துவது, குழந்தை கையாற் கொடுத்த பூவை வாடியது என்று எறிவதை ஒக்கும்.

ஆகலின், எம் கருத்துகளைச் சுருங்கக் கூறுகின்றோம்.

முதலாவது, இருபக்கத்தாரும் ஒப்ப மதிக்கப்படுதல் வேண்டும். ஒருவரைப் பாட்டி என்றும், மற்றவரை ஊர்ப்பெயர் சேர்த்தும் அழைப்பிக்கலாகாது. ஊர் சேர்ப்பதாயின் இருவர்க்கும் சேர்க்க. முறை சொல்வதாயின் இருவர்க்கும் சொல்க. தாயைப் பெற்றவள் விருந்தாளி அல்லள்.

இரண்டாவது, எப்பெயரை விரும்புகின்றீர் என்று முதியோரையே கேட்டறிக. வயது குறைவெனக் கருதிப் பாட்டி என்னும் பெயரைச் சிலர் விரும்பார். அதில் தவறில்லை. ஆனால், பெற்றவள் இருக்கத் தம்மை அம்மா என்று அழைக்கப் பழக்குதல், மருமகளின் மனம் அறிந்து செய்யத்தக்கது.

மூன்றாவது, குழந்தை கேட்டதையே சொல்லும். சிற்றப்பன் தன் தாயை அண்ணி என்பதைக் கேட்டுத் தாயையே அண்ணி என்றழைத்த பிள்ளைகளை நாம் அறிவோம். எனவே, அப்பத்தா என்று அழைக்கவேண்டுமாயின், “அத்தை வருகிறார்” என்னாது “அப்பத்தா வருகிறார்கள், பார்” என்று குழந்தையின் தாய் சொல்லுதல் வேண்டும். மருமகள் வாயில் மதிப்புடன் வழங்காத பெயர், பேரன் வாயில் நிலைக்காது.

நான்காவது, நம் சங்கத்தின் குடும்பப் பதிவேட்டில் தந்தை பெயர், பாட்டனார் பெயர் எழுத இடம் உண்டு. பாட்டியார் பெயருக்கு இடம் இல்லை. இங்குள்ளோருள், பாட்டியின் இயற்பெயரை அறிந்தோர் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் நாம் வெட்கமுறவே நேரும். அப்பத்தா என்னும் அழைப்பின் பின்னே ஒரு பெண்ணின் பெயர் மறைந்துபோயிற்று. பதிவேட்டில் இருபக்கப் பாட்டியரின் இயற்பெயரையும், வீட்டார் அழைத்த பெயரையும் எழுத இரண்டு கட்டங்கள் சேர்க்குமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகின்றோம்.

இனி வழக்கின் தீர்ப்பு. மதுரை அம்மையார் அப்பத்தாவே; ஈரோட்டு அம்மையார் அம்மிச்சியே. இரண்டையும் பெற்றோர் இருவரும் நாடோறும் குழந்தையின் செவியில் இடுக. பள்ளியில் எவரேனும் நகைத்தால், அப்பள்ளித் தமிழாசிரியரிடம் சொல்லுங்கள். அவர் எம்மைப்போல் சிவப்பு மை எடுக்கமாட்டார் என்று நம்புகின்றோம்.

இது முடிந்த தீர்ப்பு அன்று. மேல்முறையீடு ஒன்று இருக்கின்றது. இன்னும் சில திங்களில் அக்குழந்தை வாய் திறந்து, இவ்விரு சொற்களையும் தன் நாவுக்கு ஏற்பச் சிதைத்து ஏதோ ஒன்று சொல்லும். அது எதுவாயினும், பாட்டிமார் இருவரும் அதற்கு விடை கொடுப்பார்கள். அப்பொழுது எவரும் திருத்தவேண்டா.